ஒரு பழைய பாட்டு, பன்னிரண்டு படங்கள்: உங்கள் இயற்கைப் படங்களை ஆண்டுக் கடைசியில் தொகுப்பது எப்படி

டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருவில் எந்தப் பாட்டு ஒலிக்கும் என்று உங்களுக்கும் தெரியும். 1982-இல் ‘சகலகலா வல்லவன்’ படத்துக்காக எஸ்.பி.பி. பாடிய ‘இளமை இதோ இதோ’ இல்லாமல் தமிழ்நாட்டில் புத்தாண்டு பிறப்பதில்லை. அன்று அந்தப் பாட்டு ஒலிப்பதற்கு முன்னால், ஒன்பது மணி வாக்கில், எங்கள் வீட்டில் இன்னொரு பழைய பாட்டு ஓடும். அந்த வருடம் நான் எடுத்த பறவை, பூ, பூச்சிப் படங்களில் பன்னிரண்டு மட்டும் அந்தப் பாட்டோடு டிவியில் வரும். பாட்டு முடிந்தால் காட்சியும் முடிந்தது.

கேமராவோ நல்ல போனோ வாங்கி ஒரு வருடம் ஊர் சுற்றிப் படம் எடுத்துவிட்டு, மூவாயிரம் படங்களை என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாலைந்து சாயங்காலம் ஒதுக்கினால் போதும். டிசம்பர் கடைசி வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள். 20-ஆம் தேதி வாக்கிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

ஏன் ஒரே பாட்டு?

முதல் வருடம் எண்பது படங்களைக் காட்டினேன். இருபதாவது படத்தில் மாமா போனை எடுத்தார். முப்பதாவது கொக்குக்குப் பிறகு அம்மா அடுக்களைக்குப் போய்விட்டார். தப்பு அவர்கள் மேல் இல்லை. எங்கே நிறுத்துவது என்று எனக்குத்தான் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தது பழைய பாட்டு. பத்து அங்குல 78 ஆர்பிஎம் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். அதனால்தான் அந்தக் காலத்துப் பாடல்கள் மூன்று, மூன்றரை நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எழுந்துபோகும். எண்பதுகளின் பாடல்கள் பல நாலு, நாலரை நிமிடம் வரும். அவ்வளவு நேரத்தில் பன்னிரண்டு படம் நிம்மதியாக அடங்கும். பதினைந்து போட்டால் மூச்சு முட்டும்.

மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் கணக்கும் சரியாக வந்துவிடும்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டுங்கள்

கேமரா கார்டு, போன், வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பிய படம் எல்லாவற்றையும் கணினியில் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் போய் வந்த படம் சுருங்கியிருக்கும், அதனால் மூலப் படத்தைத் தேடி எடுங்கள். அப்புறம் மாதவாரியாகப் பிரியுங்கள். ஃபோல்டர் பெயரை ‘2025-01-பள்ளிக்கரணை’ என்பதுபோல ஆண்டு, மாதம், இடம் என்ற வரிசையில் வைத்தால் கணினியே காலவரிசைப்படி அடுக்கிவிடும்.

இங்கே ஒரு சிக்கல் வரலாம். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, நேரம், ஷட்டர் வேகம் எல்லாம் பதிவாகியிருக்கும். ஆனால் கேமராவின் கடிகாரம் தப்பாக இருந்தால் தேதியும் தப்பாகத்தான் பதிவாகும். பேட்டரியை வெகுநாள் கழற்றி வைத்தால் சில கேமராக்களில் தேதி பழையபடி தொடக்கத்துக்குப் போய்விடும். என் படங்களில் ஒரு மாதம் முழுவதும் நான் கேமரா வாங்குவதற்கே முந்தைய ஆண்டில் எடுத்ததாகக் கிடந்தது. அதே நாளில் போனில் எடுத்த படம் ஒன்றிரண்டு இருந்தால், அவற்றோடு ஒப்பிட்டு எத்தனை நாள், எத்தனை மணி வித்தியாசம் என்று கண்டுபிடித்து மொத்தமாகத் திருத்திக்கொள்ளலாம். படத்தொகுப்பு மென்பொருள் பலவற்றில் இந்த வசதி உண்டு.

பிரித்து முடித்ததும் இன்னொரு நகலை வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். கார்டை ஃபார்மட் செய்வது அதற்கப்புறம்தான். ஜூலையில் ஒரு பனந்தோப்பில் தூக்கணாங்குருவி கூடு பின்னுவதை இரண்டு மணி நேரம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து நகல் எடுத்தாகிவிட்டது என்று நினைத்து கார்டை அழித்தவன் நான். அந்த ஜூலைக்கு என்னிடம் மிஞ்சியது மழைத்துளி வழியும் சன்னல் ஒன்றுதான், அதுவும் போனில் எடுத்தது.

கழிப்பது

நேரம் பிடிக்கும் வேலை இதுதான். மூன்று சுற்றாகச் செய்யுங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம்.

முதல் சுற்றில் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கண்ணை மட்டும் பாருங்கள். பறவையோ பல்லியோ தட்டானோ, கண் கூர்மையாக இல்லையென்றால் தூக்கிவிடுங்கள். சிறகு அசைந்து மங்கியிருந்தால் பரவாயில்லை, அது அழகாகவும் இருக்கலாம். கண் மங்கினால் படம் நிற்காது.

தூக்கும்போது பக்கத்தில் ஒரு காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நாலு கட்டம்: கை ஆட்டம், ஃபோகஸ் தவறியது, வெளிச்சம் கெட்டது, தூரம். ஒவ்வொரு படத்தையும் எதற்காகக் கழித்தீர்களோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் அந்த வருடம் நீங்கள் என்ன கற்றீர்கள், எதைக் கற்கவில்லை என்பதை நல்ல படங்களைவிட இந்தக் காகிதம் நேராகச் சொல்லும்.

கை ஆட்டக் கட்டம் நிரம்பியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை என்று அர்த்தம். 250 எம்எம் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கிறீர்கள், கேமராவில் இருப்பது சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால், உட்கார்ந்திருக்கும் பறவைக்கே 1/400 விநாடியாவது வேண்டும். பறப்பதற்கு 1/1000-க்கு மேல் போங்கள். அதற்காக ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டும் உணர்திறன் அளவு) ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாக வரும் படத்தை ஓரளவு சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. வெளிச்சக் கட்டம் நிரம்பியிருந்தால் அதில் பாதி வெள்ளைக் கொக்குகளாக இருக்கும். இருட்டான தண்ணீரின் முன்னால் நிற்கும் கொக்கை கேமரா வெளுத்துவிடும், இறகின் ஒரு கோடுகூடத் தெரியாது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, மூன்றில் இரண்டு ஸ்டாப் (கேமராவில் -0.7) குறைத்து எடுத்துப் பழகுங்கள். போனில் என்றால் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

தூரக் கட்டம்தான் எனக்கு எப்போதும் நிரம்பும். பெரிய லென்ஸ் வாங்கினால் தீரும் என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, நான் எங்கேயும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்வதே இல்லை. அசையாமல் உட்கார்ந்தால் உள்ளானும் வாலாட்டியும் தாமே நம் பக்கம் மேய்ந்து வரும். கூட்டுக்கு அருகே மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே நாம் உட்கார்ந்திருப்பதே தாய்ப்பறவையை விரட்டும். கூட்டைக் கண்டால் விலகிவிடுங்கள். போனில் குரல் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம்.

இரண்டாம் சுற்றில் தொடர்ச்சியாகச் சுட்ட படங்களில் ஒன்றை மட்டும் வையுங்கள். ஒரே மீன்கொத்தி பதினெட்டு தடவை இருந்தால் பதினேழு போக வேண்டும். தயங்கினால் தலை நம் பக்கம் திரும்பியிருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்நேரம் நூற்றைம்பது, இருநூறு படம் மீந்திருக்கும். எல்லாமே ஓரளவு நல்ல படம். மூன்றாம் சுற்றில் அழகைப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, இதை எடுப்பதற்கு முன்பும் பின்பும் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் அதற்கு ஒரு நட்சத்திரம். வரவில்லையென்றால் எவ்வளவு அழகானாலும் அது வேறு யார் எடுத்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

என்னிடம் இரண்டு வகைக்கும் ஒவ்வொரு படம் இருந்தது. ஒன்று ஜனவரியில் எடுத்த பூநாரைக் கூட்டம். காலை வெயில், இளஞ்சிவப்பு, தண்ணீரில் நிழல், எல்லாம் அமைந்த படம். சுற்றி நாற்பது பேர் அதே கோணத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று அக்டோபரில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் போனில் எடுத்த ஆறுமணிக்குருவி. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து இறங்கி வரும் பறவை அது. அக்டோபர் வாக்கில் சென்னை வீடுகளின் தோட்டத்திலும் மாடிப்படியிலும் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். நான் பார்த்தது ஒரு ஸ்கூட்டர் சக்கரத்தின் பக்கத்தில். காலை ஆறரை மணி. பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை. வாட்ச்மேன் ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துவந்து பூனை வராமல் மறைவாக வைத்தார். இஸ்திரி வண்டிக்காரர் கரியை விசிறிக்கொண்டிருந்தார். அவர் ரேடியோவில் ‘பொன்மாலைப் பொழுது’ ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்துக் குருவி தானாக எழுந்து வேப்பமரத்துக்குள் போனது. படம் சுமார்தான், பின்னால் நம்பர் பிளேட் தெரிகிறது. ஆனால் மூன்றாம் சுற்றில் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

பூநாரையை எடுத்துவிட்டேன். ஜனவரிக்கு வேறொன்று வந்தது.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது

காலைப் படத்துக்குக் காலைப் பாட்டு, மழைக்கு மழைப் பாட்டு, பூவுக்குப் பூப் பாட்டு. இப்படித்தான் எல்லோரும் தொடங்குகிறோம். செய்யாதீர்கள். பாட்டின் வரியும் படமும் ஒன்றையே சொன்னால் கல்யாண வீடியோவில் பூங்கொத்து பறந்து வருகிற மாதிரி ஆகிவிடும்.

அந்த வருடம் உங்கள் காதில் உண்மையிலேயே விழுந்த பழைய பாட்டு எது என்று யோசியுங்கள். வேடந்தாங்கல் போகும் வழியில் பஸ்ஸில் ஓடியதாக இருக்கலாம், டீக்கடையில் கேட்டதாக இருக்கலாம். எங்கேயோ கேட்ட பாட்டோடு அந்த இடமும் வெயிலும் வாசனையும் ஒட்டிக்கொண்டு வருவது நம் எல்லோருக்கும் நடப்பதுதானே? நான் அந்த வருடம் எடுத்தது இஸ்திரி வண்டியில் கேட்டதையேதான். 1980-இல் ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா இசையமைத்தது, எஸ்.பி.பி. பாடியது, வைரமுத்து எழுதிய முதல் திரைப்பாட்டு. தலைப்பிலேயே மாலை இருக்கிறது. நான் கேட்டதோ காலை ஆறரைக்கு. என் பன்னிரண்டு படங்களில் ஒன்றில்கூட மாலை வெயில் இல்லை. அதனால்தான் பொருந்தியது என்று இன்னும் நினைக்கிறேன்.

இரண்டு மூன்று பாட்டு போட்டியில் இருந்தால் வீட்டில் பெரியவர்களுக்குத் தெரிந்த பாட்டை எடுங்கள். ரீமிக்ஸ் வேண்டாம்.

பாட்டின் மேல் படத்தை அடுக்குவது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. மென்பொருளில் ‘ஒவ்வொரு படத்துக்கும் 20 விநாடி’ என்று அழுத்திவிட்டுப் போய்விடலாம். ஆனால் பாதிச் சரணத்தில் படம் மாறும்போது எங்கேயோ இடிக்கும். அதற்குப் பதிலாக ஒரு காகிதமும் ஸ்டாப்வாட்ச்சும் எடுத்துக்கொண்டு பாட்டை மூன்று தடவை கேளுங்கள். அந்தக் காலத் திரைப்பாட்டு பெரும்பாலும் இப்படிப் போகும்: முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, முதல் சரணம், இரண்டாம் இடையிசை, இரண்டாம் சரணம், திரும்பப் பல்லவி. மொத்தம் ஏழு பகுதி. ஒவ்வொன்றும் எந்த விநாடியில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முன்னிசைக்கு ஒரு படம், ஜனவரி. அதற்கடுத்த ஐந்து பகுதிகளுக்கும் இரண்டிரண்டு படம். பல்லவியில் பிப்ரவரி, மார்ச் என்று போனால் இரண்டாம் சரணம் முடியும்போது நவம்பர் முடிந்திருக்கும். கடைசியாகத் திரும்பும் பல்லவிக்கு டிசம்பர். முதல் சரணம் முடிந்து பல்லவி ஒரு வரி எட்டிப் பார்க்கும் பாட்டுகளில் அந்த ஒரு வரிக்குப் படத்தை மாற்றாதீர்கள். இருப்பதே நிற்கட்டும்.

குரல் நிற்கும் இடத்தில் கண்ணுக்கு வேலை கொடுக்கலாம். இடையிசையில் புல்லாங்குழலும் வயலினும் ஓடும்போது விவரம் நிறைந்த படங்களை வையுங்கள்: மழைக்குப் பிறகு மண்ணில் ஊரும் பட்டுப்பூச்சி, சிலந்தி வலையில் பனித்துளி. சரணத்தில் எல்லோரும் கூடவே முணுமுணுப்பார்கள், அங்கே எளிமையான படம் போதும். மாத வரிசையால் இது எல்லா இடத்திலும் அமையாது. ஏப்ரல் படம் இடையிசையில்தான் விழும். அப்படியானால் ஏப்ரலுக்கு வைத்திருக்கும் இரண்டு மூன்று படங்களில் இடையிசைக்கு ஏற்றதை எடுங்கள். எனக்குச் சரக்கொன்றை அப்படித்தான் உள்ளே வந்தது. குயில் வெளியே போனது.

படம் மாறும்போது புரட்டுவது, சுழற்றுவது, இதயம் வெடிப்பது எதுவும் வேண்டாம். மெல்லக் கரைந்து மாறினால் போதும்.

திருத்துவது, பெயர் எழுதுவது

திருத்தத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர்க் கோடு சாய்ந்திருந்தால் நேராக்குங்கள். டிவி அகலமானது, எனவே 16:9 விகிதத்தில் வெட்டுங்கள். வெட்டியபின் அகலம் 1920 பிக்சலுக்குக் கீழே போனால் டிவியில் உடையும். பறவை பார்க்கும் திசையில் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். நிறத்தை ஏற்றாதீர்கள், மீன்கொத்தியின் நீலம் இயல்பிலேயே போதுமான அளவு இருக்கிறது. நின்றவாக்கில் எடுத்த படத்தைப் பக்கவாட்டில் கறுப்பு விட்டு அப்படியே வையுங்கள்.

படத்தின் கீழ் மூலையில் ஒரு வரி: பெயர், இடம், மாதம். பெயரைத் தமிழில் எழுதுங்கள். நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கூழைக்கடா, பனங்காடை, தகைவிலான் எல்லாம் பார்த்ததும் மனதில் ஒட்டும் பெயர்கள். நத்தை குத்தி என்று எழுதியிருந்தால், இது என்ன தின்னும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சரியான பெயர் தெரியாவிட்டால் பொதுப் பெயரோடு நிறுத்துங்கள், ‘ஏதோ ஒரு தட்டான்’ என்று எழுதினாலும் குற்றமில்லை. அரிய பறவை அல்லது கூடு இருக்கும் இடமென்றால் ஏரியின் பெயரை எழுதாமல் மாவட்டத்தோடு விட்டுவிடுங்கள்.

வீடியோ ஆக்குவது

போனில் இருக்கும் எந்த வீடியோ செயலியும் இதைச் செய்யும். முதலில் பாட்டை வைத்து, குறித்த விநாடிகளில் படங்களை அடுக்கி, எம்பி4 கோப்பாகச் சேமியுங்கள். பென் டிரைவில் போட்டு அதே டிவியில் ஒருமுறை முந்தின நாளே ஓட்டிப் பாருங்கள். சில டிவிகள் சில வடிவங்களைப் படிக்காது. விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகு ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருப்பது நல்ல காட்சி இல்லை.

வீட்டில் காட்டுவது வரைதான் இந்தப் பாட்டு யோசனை. யூடியூபில் ஏற்றினால் பழைய பாட்டைத் தானியங்கி அமைப்பு கண்டுபிடித்துவிடும். ஒலியை நிறுத்தலாம், வீடியோவையே தடுக்கலாம். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு காப்புரிமை உண்டு. பாடல் வரிக்கும் இசைக்கும் அதை ஆக்கியவரின் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு. எண்பதுகளின் பாட்டு எதுவும் இதில் தப்பாது. வெளியே பகிர வேண்டுமானால் பாட்டை எடுத்துவிட்டு, குளக்கரையில் நீங்களே பதிவு செய்த தவளைச் சத்தத்தைப் போடுங்கள்.

ஓட்டை மாதங்கள்

அடுக்கும்போது ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒன்றுமே இருக்காது. பெரும்பாலும் மே, ஜூன். வெயிலுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்திருப்போம். அதை மறைக்க வேறு மாதத்துப் படத்தைச் செருகாதீர்கள், வீட்டுச் சுவர்ப் பல்லியையாவது வையுங்கள். அப்புறம் அந்த மாதங்களை அடுத்த ஆண்டு நாட்காட்டியில் வட்டமிடுங்கள். மே மாதத்துக்கு மயில்கொன்றை பூத்த தெரு, ஆடி ஆவணியில் தூக்கணாங்குருவி, மழைக்காலத்துக்கு வீட்டுவாசல் தவளை. 2022-இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் குளிர்கால மாதங்களில் எப்போது போனாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

ஜனவரிக்குக் கவலையே இல்லை. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளை எண்ணி இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம். நீங்கள் கழித்துப்போட்ட சுமாரான படங்களுக்கும் அங்கே வேலை உண்டு. பார்த்தது இன்ன பறவைதான் என்பதற்கு மங்கலான படமும் சாட்சி.

காட்டுவது

விளக்கை அணையுங்கள். படத்துக்குப் படம் விளக்கம் சொல்லாதீர்கள். ‘இது எடுக்கும்போது என்ன ஆச்சுன்னா’ என்று நீங்கள் ஆரம்பிப்பதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

ஆறுமணிக்குருவி வருடத்தில் முன்னிசை தொடங்கியதுமே அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் டிவியில் இல்லை. இந்தப் பாட்டு வந்தபோது தான் வேலைக்குச் சேர்ந்த புதிது என்றும், பஸ் ஸ்டாப் எதிரே இருந்த ரேடியோக் கடையில் தினமும் இதைப் போடுவார்கள் என்றும், பாட்டு முடியட்டும் என்று ஒரு பஸ்ஸை விட்டிருக்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டே போனார். அதற்குள் செப்டம்பர் வந்துவிட்டது. பாட்டு முடிந்ததும், “இன்னொரு தடவை போடுடா” என்றார்.

இரண்டாவது தடவைதான் படங்களைப் பார்த்தார். ஜூலை மாதச் சன்னல் வந்ததும், “இது எதுக்கு நடுவுல?” என்று கேட்டார்.